பழம் அழுகும், பணம் அழுகாது!

கொல்லிமலையில் பலாப்பழக் காலம் வந்துவிட்டால் சோளக்காடு சந்தை களை கட்டிவிடும்.

பலா ஒரு பக்கம் மலை போலக் குவிந்து கிடக்கும். வாழைத்தார்கள் ஒரு பக்கம். அன்னாசி ஒரு பக்கம். மிளகு மூட்டைகளும் வந்து இறங்கும். கீழே இருந்து வியாபாரிகள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறி வருவார்கள்.

பேரம் நடக்கும். பொழுது சாயும். மலைவாழ் விவசாயியின் நெஞ்சு படபடக்கும்.

ஏன் தெரியுமா? விற்காத பலாவைத் திருப்பி எடுத்துச் சென்று என்ன செய்வது? இன்னும் இரண்டு நாள் போனால் அது அழுகிவிடும். ஆனால், வியாபாரியின் இடுப்பில் இருக்கும் பணம் அழுகாது. அவர் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம். ஒரு மாதம் கூடக் காத்திருக்கலாம்!

பழம் வைத்திருப்பவர் காத்திருக்க முடியாது. பணம் வைத்திருப்பவர் காத்திருக்க முடியும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பெரிய பெரிய நாடுகளின் பொருளாதாரக் கதையே அடங்கி இருக்கிறது.

பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுவது யார்? பண்டத்தை விளைவித்து விற்பவர்தான். உலகப்போர் முடிந்த பிறகு நம் நாட்டில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. பீரங்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, பணத்தைக் கையாண்ட விதத்தால் மக்கள் மீது விழுந்த அடி அது.

சந்தையில் ஒரு பாடம்

பொருளாதாரம் என்றவுடன் பயப்பட வேண்டாம். சோளக்காடு சந்தையையே எடுத்துக்கொள்வோம்.

சந்தைக்கு 100 பலாப்பழங்கள் வருகின்றன. வாங்க வந்தவர்கள் எல்லோரிடமும் சேர்த்து 10 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. பழம் ஒன்று சுமார் 100 ரூபாய்க்கு விலை போகும்.

அடுத்த வாரமும் அதே 100 பழங்கள் வருகின்றன. ஆனால், வந்தவர்களின் கையில் 5 ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது. அப்போது என்ன நடக்கும்?

"என்ன அண்ணே, போன வாரத்து விலை எங்கே போச்சு?" என்று விவசாயி கேட்பார்.

"பழத்திலே குறை ஒண்ணும் இல்லே தம்பி. கையிலேதான் காசு இல்லே!" என்று வியாபாரி சொல்வார்.

பழம் மாறவில்லை. சுவை குறையவில்லை. விலை மட்டும் பாதியாகிவிட்டது!

விவசாயிக்குக் கடன் இல்லை என்றால், வயிற்றைக் கட்டிக்கொண்டு எப்படியோ சமாளித்து விடுவார். கடன் இருந்தால்? பழம் 100 ரூபாய் விற்றபோது அவர் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினார். அதை அடைக்க 10 பழம் போதும் என்று கணக்குப் போட்டார். இப்போது 20 பழம் வேண்டும். கடன் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால், கடன் இரண்டு மடங்காகிவிட்டது!

சந்தையில் நடப்பதேதான் நாட்டிலும் நடக்கிறது. நாட்டில் எவ்வளவு பணம் ஓட வேண்டும், வட்டி எவ்வளவு இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பணத்துக்கு நம் ரூபாய் எத்தனை கொடுக்க வேண்டும் என்பதை எல்லாம் அரசாங்கமும் அதன் தலைமைப் பாங்கியும் பார்த்துக்கொள்கின்றன. இதற்குப் 'பணக் கொள்கை' என்று பெயர்.

போர் வந்தால் பணம் பெருகும்

1914-ம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. 1918-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி முடிந்தது.

போர் நடத்தப் பணம் வேண்டும். துப்பாக்கி வேண்டும், துணி வேண்டும், தோல் வேண்டும், தானியம் வேண்டும். இந்தியாவில் இருந்து 10 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களும் தொழிலாளர்களும் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய சாமான்களும் இங்கே வாங்கப்பட்டன. அதற்கெல்லாம் ரூபாய் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து ரூபாய், வெள்ளி ரூபாய். போர்க்காலத்தில் உலகம் எங்கும் வெள்ளியின் விலை ஏறியது. நாணயம் அடிக்க வெள்ளி போதவில்லை. 1917-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இந்தியாவில் முதன் முதலாக ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டது. 1918-ல் அமெரிக்கா தன் கஜானாவில் இருந்து 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது.

பணம் பெருகியது. பண்டம் பெருகவில்லை. விலைவாசி விஷம் போல ஏறியது. 1918 செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்படும் அளவுக்கு மக்கள் கொதித்து எழுந்தார்கள்.

இதில் இருந்து ஒன்று தெரிகிறது. விலைவாசி தறிகெட்டு ஏறினாலும் ஏழைக்குத்தான் கஷ்டம். போர் முடிந்தவுடன் விலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஆட்சியாளர்கள் நினைத்ததில் தவறு இல்லை. கட்டுப்படுத்திய விதத்தில்தான் தவறு!

2 ஷில்லிங் ரூபாய்

போருக்கு முன்பு ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் 4 பென்ஸ் என்பது கணக்கு. அதாவது, 15 ரூபாய் கொடுத்தால் ஒரு பவுன் கிடைக்கும்.

வெள்ளி விலை ஏற ஏற, ரூபாயின் மதிப்பையும் அரசாங்கம் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனது. 1919-ம் ஆண்டு பாபிங்டன் ஸ்மித் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. "இனிமேல் ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங் தங்க மதிப்பு இருக்கட்டும்" என்று அந்தக் கமிட்டி சிபாரிசு செய்தது. அதாவது, 10 ரூபாய்க்கு ஒரு தங்கப் பவுன்.

ரூபாயின் மதிப்பு உயர்வது நல்லதுதானே என்று தோன்றும். வெளிநாட்டுச் சாமான் மலிவாகக் கிடைக்கும். உள்நாட்டு விலையும் இறங்கும் என்றுதான் கமிட்டியும் வாதாடியது.

ஆனால், விற்பவரின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அந்த நாளில் சென்னை மாகாணத்து நிலக்கடலை கப்பல் ஏறி, பிரான்ஸ் நாட்டு மார்சேல்ஸ் துறைமுகத்துக்குப் போகும். பதனிட்ட தோல் லண்டனுக்குப் போகும். இந்தியப் பருத்தி ஜப்பானுக்குப் போகும். அங்கே ஒரு பவுனுக்கு விற்கும் சரக்குக்கு, பழைய கணக்குப்படி இங்கே 15 ரூபாய் கிடைக்கும். புதிய கணக்குப்படி 10 ரூபாய்தான்! நிலம் அதே நிலம். உழைப்பு அதே உழைப்பு. 5 ரூபாய் மாயமாய் மறைந்துவிட்டது!

கமிட்டியில் ஓர் இந்தியர் இருந்தார். அவர் பெயர் தாதிபா தலால். "கூடாது. பழைய ஒரு ஷில்லிங் 4 பென்ஸ் விகிதமே இருக்க வேண்டும்" என்று தனியாக எழுதிக் கொடுத்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

பணம் உள்ளே போனது

2 ஷில்லிங் என்று சொல்லிவிட்டால் போதுமா? சந்தை அதை ஏற்க வேண்டுமே! சந்தை ஏற்கவில்லை. ரூபாயின் மதிப்பு சரியத் தொடங்கியது.

அதைத் தாங்கிப் பிடிக்க அரசாங்கம் ஒரு வழி கண்டது. "ரூபாயை இங்கே கட்டுங்கள், லண்டனில் பவுன் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று உண்டியல் விற்றது. லண்டனுக்குப் பணம் அனுப்ப விரும்பியவர்கள் முண்டியடித்தார்கள். 1920 ஜனவரி முதல் செப்டம்பர் வரை சுமார் 5½ கோடி பவுன் இப்படி விற்கப்பட்டது.

அது யாருடைய பணம்? இந்தியாவின் பெயரில் லண்டனில் சேர்த்து வைத்த பணம். பவுன் 15 ரூபாய் கணக்கில் சேர்த்ததை, பல நாட்கள் 10 ரூபாய்க்கும் குறைவாக விற்றார்கள். நஷ்டம் கோடிக்கணக்கில் ஏற்பட்டது. நஷ்டத்தைச் சுமந்தது இந்தியக் கஜானா!

அதைவிடப் பெரிய தீங்கு இன்னொன்று. உண்டியலுக்காகக் கட்டப்பட்ட ரூபாயில் பெரும்பகுதி மீண்டும் மக்கள் கைக்கு வரவில்லை. நோட்டுகள் ரத்து செய்யப்பட்டன. சந்தையில் ஓடிய பணம் சுருங்கியது. சோளக்காடு சந்தையில் 10 ஆயிரம் 5 ஆயிரம் ஆன கதைதான்!

அந்த நேரத்தில் ஏற்றுமதியும் படுத்துவிட்டது. 1920-21-ம் ஆண்டில் இந்தியா விற்றதைவிட வாங்கியதே அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் இறுதியில் அரசாங்கம் கையை விரித்தது. 1921 தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழே போய்விட்டது. 10 ரூபாய்க்கு ஒரு பவுன் என்று நம்பி வெளிநாட்டுத் துணிக்கு ஆர்டர் கொடுத்த வியாபாரிகள், சரக்கு வந்து இறங்கியபோது 15 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. "எங்களால் முடியாது" என்று பம்பாயிலும் கல்கத்தாவிலும் துணி வியாபாரிகள் மறுத்தார்கள். சரக்கு தேங்கியது. வியாபாரம் ஸ்தம்பித்தது.

பணக் கொள்கை ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. 1920-ல் பருவமழை பொய்த்தது. ஜப்பானில் வியாபார நெருக்கடி ஏற்பட்டது. ஐரோப்பிய நாடுகள் வாங்கும் சக்தியை இழந்திருந்தன. ஆனால், விழுந்து கிடந்தவன் முதுகில் மேலும் ஒரு மூட்டையை ஏற்றி வைத்தது பணக் கொள்கைதான்.

சீமையிலும் அதே கதை

இந்தத் தவறு இந்தியாவோடு நிற்கவில்லை.

இங்கிலாந்து பாங்கி 1920 ஏப்ரலில் வட்டி விகிதத்தை 7 சதவீதமாக உயர்த்தியது. அமெரிக்காவில் நியூயார்க் தலைமைப் பாங்கியும் அந்த ஆண்டு ஜூனில் 7 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. கடன் வாங்கித் தொழில் நடத்தியவர்கள் திணறினார்கள். அமெரிக்காவில் ஓர் ஆண்டுக்குள் மொத்த விலைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தன. இங்கிலாந்தில் 1921 கோடையில் வேலை இல்லாதவர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. போரில் வென்று திரும்பிய வீரர்கள் வேலை தேடி வரிசையில் நின்றார்கள்!

1925-ல் இங்கிலாந்து பவுனைப் போருக்கு முந்திய தங்க மதிப்பில் நிறுத்தியது. அப்போது நிதி மந்திரி, சர்ச்சில். "இது தவறு. தொழிலாளியின் கூலியில்தான் போய் முடியும்" என்று பொருளாதார மேதை கீன்ஸ் எச்சரித்தார். அப்படியே நடந்தது. இங்கிலாந்து நிலக்கரிக்கு வெளிநாட்டில் விலை கட்டவில்லை. சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள். 1926 மே மாதம் நாடே ஸ்தம்பிக்கும் பொது வேலைநிறுத்தம் வெடித்தது.

பட்டும் திருந்தவில்லை

1920-ல் பட்ட அடி போதாதென்று, இந்தியாவில் 1927-ல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது, பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை.

15 ரூபாய் வாங்க வேண்டிய விவசாயிக்கு இதில் ஒரு ரூபாய் 10 அணா 8 பை நஷ்டம். இந்த முறை எதிர்த்தவர் பம்பாய் பருத்தி வியாபாரி புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ். அவர் பேச்சும் எடுபடவில்லை.

1929-ல் உலகப் பெருமந்தம் வந்தது. உலகம் எங்கும் விளைபொருள் விலை சரிந்தது. அப்போதாவது பணத்தைத் தாராளமாக விட்டார்களா? இல்லை. 6 பென்ஸ் விகிதத்தைக் காப்பாற்றுவதற்காகப் பணத்தை மேலும் இறுக்கினார்கள். சில ஆண்டுகளில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நிலவரி குறையவில்லை. வட்டியும் குறையவில்லை.

சமவெளி விவசாயியின் மடி காலியானால், மலையில் இருந்து தலைச்சுமையாக வந்த பலாவையும் தேனையும் யார் வாங்குவார்? லண்டனில் எழுதிய ஓர் எண், கொல்லிமலை அடிவாரம் வரை வந்து எட்டிப் பார்க்கும் வழி இதுதான்.

1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க மதிப்பைக் கைவிட்டது. தங்கத்தின் விலை ஏறியது. அதன்பின் இந்தியாவில் இருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. சில ஆண்டுகளில் 200 கோடி ரூபாய்க்கும் அதிகமான தங்கம் போய்விட்டது. விலைக்காக விற்றவர்களும் உண்டு. ஆனால், கடனுக்கும் வரிக்கும் வேறு வழி இன்றி விற்ற குடும்பங்கள் ஏராளம். பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்த நகைகள் அவை!

சேலத்து வக்கீலின் சட்டம்

கொல்லிமலை அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. அந்தச் சேலத்தில் வக்கீலாக இருந்தவர் ராஜாஜி. சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1937-ல் அவர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். மறு ஆண்டே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன்பு விவசாயி வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டி பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு பங்கு ஏற்கனவே கட்டி இருந்தால் கடனே தீர்ந்தது!

கடன் கொடுத்தவர்கள் கூச்சல் போட்டார்கள். "பத்திரத்தில் எழுதியதை மாற்றலாமா?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், பத்திரத்தில் எழுதிய 'ரூபாய்' என்ற சொல்லின் பொருளை முதலில் மாற்றியது யார்? 10 மூட்டைக் கடனை 20 மூட்டைக் கடனாக்கியது யார்? பணக் கொள்கை செய்த அநியாயத்தைச் சட்டம் போட்டு ஓரளவு சரி செய்தார்கள். அவ்வளவுதான். அதற்குள் எத்தனையோ காணிகள் கை மாறிவிட்டன.

மரவள்ளி சொல்லும் செய்தி

இன்று கொல்லிமலைக்குப் போனால் வேறு காட்சி. ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த பல காடுகளில் இப்போது மரவள்ளி நிற்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்தில் அதற்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். அது லாரி ஏறிக் கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

இந்த ஜவ்வரிசித் தொழிலே ஒரு போர்க்காலக் குழந்தை! இரண்டாம் உலகப்போரில் மலேயா பக்கம் இருந்து கப்பல் வருவது நின்றது. ஜவ்வரிசிக்குத் தட்டுப்பாடு. அப்போதுதான் சேலத்தில் குச்சிக்கிழங்கில் இருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள்.

முன்பு மலை விவசாயி சாமையை விளைவித்தார். அதைத் தானே சாப்பிட்டார். விலை சரிந்தாலும் அடுப்பு எரிந்தது. இப்போது மரவள்ளியை விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும். மிளகும் காப்பியும் அப்படித்தான். சந்தையில் பணம் ஓடினால் அவர் வீட்டில் உலை கொதிக்கும். பணம் முடங்கினால் உலை ஆறும்.

அதனால், 'பாங்கி வட்டி, ரூபாய் மதிப்பு எல்லாம் பட்டணத்துப் பணக்காரர் சமாசாரம்' என்று மலைக்காரர் ஒதுங்கி இருக்க முடியாது. அது அவருடைய சமாசாரம்தான்!

மருந்தும் அளவும்

இப்படிச் சொன்னால், 'நோட்டை அச்சடித்துக்கொண்டே இருக்கலாமா?' என்று சிலர் கேட்பார்கள். கூடாது. 1918-ல் விலை ஏற்றத்தால் பசித்த வயிறும் ஏழையின் வயிறுதான். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை ஒரே வேளையில் புகட்டினால் நோயாளி பிழைப்பாரா?

சமீபத்திய உதாரணம் ஒன்று. 2022-ல் உக்ரைன் போர் மூண்டது. எண்ணெயும் தானியமும் விலை ஏறின. ரிசர்வ் பாங்கி அந்த ஆண்டு மே மாதம் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் தன் வட்டியை 4 சதவீதத்தில் இருந்து 6½ சதவீதம் வரை படிப்படியாக உயர்த்தியது. வீட்டுக்கடன் தவணை கட்டியவர்களுக்குச் சுமைதான். ஆனால், நாடு மந்தத்தில் விழவில்லை. 'ரூபாயைப் பழைய மதிப்புக்கு இழுத்து வந்தே தீருவேன்' என்ற பிடிவாதம் இதில் இல்லை. அடி எடுத்து வைத்து, பார்த்து, மீண்டும் அடி எடுத்து வைத்தார்கள்.

1920-ல் இல்லாதது அந்த நிதானம்தான். ஆட்சியாளர்களின் கண் முன்னே லண்டன் இருந்தது. அங்கே ரூபாயின் கவுரவம் இருந்தது. சந்தையில் அழுகும் பழம் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

இன்று வட்டியை முடிவு செய்ய 6 பேர் கொண்ட குழு இருக்கிறது. ரிசர்வ் பாங்கி சார்பில் 3 பேர். மத்திய அரசு நியமிக்கும் 3 பேர். படித்தவர்கள், கணக்கு அறிந்தவர்கள். அவர்கள் விலைவாசிப் பட்டியலைப் பார்க்கும்போது, சந்தையில் விற்காமல் கிடக்கும் சரக்கையும் பார்க்க வேண்டும். விலையை ஏற விடாமல் தடுப்பது அவர்கள் கடமை. விழுந்து நொறுங்காமல் காப்பதும் அவர்கள் கடமைதான்.

குடும்பஸ்தர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. விலை உச்சத்தில் இருக்கும்போது, 'இந்த விலை என்றும் இருக்கும்' என்று நம்பிப் பெரும் கடன் வாங்கக்கூடாது. வாங்கும் நாளில் பூமாலை போல இருக்கும் கடன், விலை சரிந்த நாளில் கழுத்துக் கயிறு ஆகிவிடும். மலை நிலத்தில் ஒரு பகுதியிலாவது சாமையும் கேழ்வரகும் விளையட்டும். விற்க முடியாவிட்டாலும் சாப்பிடலாம் அல்லவா?

சோளக்காடு சந்தையில் பொழுது சாய்கிறது. கடைசிப் பலாவைச் சுற்றிப் பேரம் நடக்கிறது. விவசாயி வானத்தைப் பார்க்கிறார். வியாபாரி மடியைத் தடவிப் பார்க்கிறார்.

இருவரில் யார் கை ஓங்கும் என்பது அந்தப் பழத்தின் சுவையை மட்டும் பொறுத்தது அல்ல. எங்கோ தொலைவில், பணத்தின் அளவைத் தீர்மானிக்கிறார்களே, அவர்களுடைய நிதானத்தையும் பொறுத்தது!